தாபசாந்தி

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்குத் தனிக் கூலர் போடலாமா வேண்டாமா என்று நேற்று மெக்கானிக்கிடம் கேட்டேன். மெக்கானிக்கைத் தவிர ஷெட்டிலிருந்த சகலரும் விடையளித்தார்கள் என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட வந்த பெரியவர்கூட இவ்விஷயத்தில் திட்டமான அபிப்பிராயம் வைத்திருந்தார். நீங்களும் வைத்திருப்பீர்கள், தயவுசெய்து சொல்லவேண்டாம்.

எண்ணெய் சூடேறுவதென்னவோ உண்மை. இன்ஜினின் சக்தியை டார்க் கன்வர்ட்டரில் எண்ணெயே கைமாற்றித் தருகிறபடியால், அங்கே வழுக்கலில் விரயமாவதெல்லாம் உஷ்ணமாகிறது. ஆகவே நெடுஞ்சாலையில் சாதுவாக ஓடுகிற வண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், மாலை நேரத்துக் கத்திப்பாராவிலும் தாபம் பொறாமல் தவிக்கிறது. சுமார் 80 முதல் 95 டிகிரி வரை எண்ணெய்க்குச் சௌக்கியம். 120க்கு மேல் நீடித்தால் கறுத்துத் தீய்ந்த வாடை வீசும். இதைக் குளிர்விக்க உத்தமமான வழி எது என்பதில் மதபேதங்கள் உண்டு. அவற்றைப் பற்றிச் சிறிது.

விசிஷ்டாத்வைதிகளின் சித்தாந்தப்படி, ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர் எண்ணெய்க்கென ஒரு குழாய் ஓட, எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று பிரியாமலும், ஒன்றாகிவிடாமலும், உஷ்ணத்தை மட்டும் பரிமாறிக்கொண்டு நித்தியவாசம் செய்கின்றன. கம்பெனிக்காரன் வகுத்த இந்த ஏற்பாட்டில் கைவைப்பது அபசாரம். குளிர்காலத்தில் இது எண்ணெயைச் சீக்கிரம் வெதுவெதுப்பாக்கும் என்பதும் அவர்கள் வாதம். மார்கழியில் குல்லாயும் மப்ளருமாய் வாக்கிங் போகிற சென்னைவாசிகளிடம் இது நன்றாகவே எடுபடுகிறது.

துவைதிகளோ, எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு, எக்காலத்திலும் சம்பந்தம் கூடாதென்று, வண்டியின் முகப்பில் காற்றுப்படும் இடத்தில் தனிக் கூலரை ஸ்தாபிக்கச் சொல்லுகிறார்கள். அது ஏஸி கண்டென்ஸருக்கு முன்னால் உட்கார்ந்து அதற்குப் போகிற காற்றைச் சூடாக்குவதால் பின்ஸீட்டில் எழும் குடும்பக் கலகத்துக்கு அவர்கள் சாஸ்திரத்தில் பரிகாரம் கிடையாது. இரண்டும் இருக்கட்டும் என்கிற சமரசவாதிகள், எண்ணெய் முதலில் போகவேண்டியது ரேடியேட்டருக்கா, வெளிக்கூலருக்கா என்பதில் வடகலை தென்கலையாகப் பிரிந்து, கோர்ட்டுக்குப் போகாத குறையாக நிற்கிறார்கள்.

அத்வைதத்தை உபதேசிப்பவர் எவருமில்லை. ரேடியேட்டருக்குள்ளிருக்கும் குழாய் அரித்து ஓட்டையானால் அது தானாகவே சித்திக்கும். தண்ணீரும் எண்ணெயும் பேதம் நீங்கி, ரோஸ்மில்க் போன்ற ஒரு பரப்பிரம்மமாய் வெளிப்பட, கிளச் தகடுகள் பசைவிட்டு உரிந்து, கியர்பாக்ஸ் மோக்ஷமடையும்.

இத்தனை வாதத்துக்கிடையே, அந்த எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? ஆயுள் முழுவதும் மாற்றவேண்டியதில்லை என்றுதான் சில கம்பெனிகள் அடித்துச் சொல்கின்றனவே! அப்படிச் சொல்லுகிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த ஆயுள் வண்டியினுடையதா, கியர்பாக்ஸினுடையதா, வாரண்டியினுடையதா என்பதைக் கையேட்டின் அடுத்த பதிப்பிலாவது போட்டுவிடுங்கள்.