ஒருக்கா கழுவுனா போதும்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அப்பா வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் ஓடுவேன். வாசலில் கிருமிநாசினி கலந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். அப்பா ஒரு தடவை அதில் கால் நனைப்பார், உள்ளே போய்விடுவார். கம்பிக் கூண்டின் சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டைகளை நான் அட்டையில் அடுக்குவேன். சிலவற்றில் எச்சமும் இறகும் ஒட்டியிருக்கும். பம்பு செட்டில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் சோற்றுக்கு உட்கார்ந்துவிடலாம்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நோய் அங்கே, முட்டை தேங்கியது எங்கள் ஊரில். விலை சரிந்து அப்பா கலங்கியதைப் பார்த்த கோபத்தில், விசேஷ வீடுகளில் உறவுக்காரர்களிடம் மல்லுக்கு நின்றேன். "70 டிகிரி சூட்டுல அந்தக் கிருமி செத்துப்போயிருமுங்க. நல்லா வெந்த முட்டையத் தின்னா என்னங்க ஆகும்?"

2020 ஊரடங்கில் அதே நான் முட்டைகளைச் சோப்பு நீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட், சாவி, சில்லறைக் காசு எல்லாவற்றையும்தான். அப்போது ஊரே கழுவியது. பிறகு ஊர் நிறுத்திக்கொண்டது, எனக்கு நிற்கவில்லை. குழாயை மூடினால், மூடிய கை அழுக்காகிவிட்டதாகத் தோன்றும். மறுபடி திறப்பேன். புறங்கை வெடித்து ரத்தம் கசிந்தது.

"கழுவுன முட்டை சீக்கிரமாக் கெட்டுப்போகும் கண்ணு" என்றார் அப்பா. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. மேலே படிந்த மெல்லிய படலம்தான் அவற்றை அடைத்துக் கிருமியைத் தடுக்கிறது. கழுவக் கழுவ அது போய்விடும். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெடிப்புகளைப் பார்த்தார். மேற்கொண்டு பேசவில்லை.

எனக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவதுதான் இந்த நோய். ஓ.சி.டி. என்று சேலத்தில் மனநல மருத்துவர் சொன்னபோது அழுதேன். கொழுப்பு, வேலையில்லாத் திமிர் என்றெல்லாம் கேட்ட பிறகு, அதற்கு ஒரு பெயர் இருந்ததே ஆறுதல். மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார். பயப்படுகிற பொருளைத் தொட வேண்டும். தேவைக்கு ஒரு தடவைதான் கழுவலாம். அப்புறம் எழும் தவிப்பைக் கழுவித் தணிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966இல் எழுதிய வழி இது. முதல் நாள் முக்கால் மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு தானாகத் தணிந்தது. கழுவாமலும் அது தணியும் என்பதை என் உடம்பு அன்றுதான் அறிந்தது. மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எனக்கு அது தெரியாமல் இரண்டு வருடம் வீணானது.

போன ஞாயிறு அப்பாவோடு பழைய பண்ணைக்குப் போனேன். தொட்டியில் ஒரு தடவை கால் நனைத்தேன். ஓர் அட்டை நிறைய, முப்பது முட்டை அடுக்கினேன். சோப்புப் போட்டுக் கழுவிக் குழாயை மூடியதும் கை தவித்தது. அப்பா காபியை நீட்டினார். டம்ளரை வாங்கிக்கொண்டேன்.