முதிய சொற்செயலியின் வழுவியல்: ஓர் அகத்திணை ஆய்வு

ஒரு சொற்செயலிக்கு வயதாகிவிட்டதா என்று அறிய அதன் பிறந்த ஆண்டைத் தேடுவது பாமரர் வழக்கம். கற்றறிந்தோர் அதன்மேல் வந்து குவியும் புகார்களைப் படிப்பார்கள். இளஞ்செயலியைப் பற்றி 'இது வேலை செய்யவில்லை' என்று புகார் வரும். முதிய செயலியைப் பற்றியோ, 'நேற்றுவரை வேலை செய்தது. எதையோ கெடுத்துவிட்டீர்கள்' என்று வரும். இப்பெருந்துறையை ஆராயாமல் தமிழாய்வுலகம் இதுவரை வாளாவிருந்தது வியப்புக்குரியது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செயலி ரைட்டர். 1980களின் நடுவில் ஜெர்மனியின் லூனெபர்க் நகரில் மார்க்கோ போரீஸ் என்ற பதின்வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் அது 'ஸ்டார்ரைட்டர்' என்று பிறந்தது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டே மூலநிரலை ஊருக்குப் பொதுவாக்க, ஓப்பன்ஆபிஸ் தொகுப்பின் ரைட்டர் ஆயிற்று. 2010இல் ஆரக்கிள் வந்து சன்னையே வாங்கியதும் பங்காளிகளுக்குள் மனக்கசப்பு மூண்டு, ஒரு சாரார் லிப்ரேஆபிஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஆக வயது ஏறத்தாழ நாற்பது. கைமாறிய வீடுகள் பல. மனுக்கள் மட்டும் வீட்டுக்கு வீடு கூடவே வந்துகொண்டிருக்கின்றன.

மனு எழுதுவதற்கு இலக்கணம் உண்டு. மொசில்லாக்காரர்கள் 1998இல் பக்சில்லா என்ற பதிவேட்டைப் பொதுவில் வைத்தார்கள். லிப்ரேஆபிஸும் அதைத்தான் பயன்படுத்துகிறது. என்னென்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று படிவம் மூன்று கேள்வி கேட்கும். மனுதாரர் பெரும்பாலும் முதற்கேள்வியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் உணர்ச்சி பொங்க எழுதுவார். இன்னொரு நுட்பமும் உண்டு. 'இது உடைந்துவிட்டது' என்பதற்கும் 'இது இருந்தால் தேவலை' என்பதற்கும் ஒரே படிவம்தான். தீவிரம் என்ற கட்டத்தில் 'மேம்பாடு' என்று தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம், மற்றதெல்லாம் புகார்.

இனித் திணைப் பகுப்பு. குறிஞ்சிக்கு உரியது புணர்தல். மனு கொடுத்தவரும் நிரல் எழுதுபவரும் ஒரே பிழையைத் தத்தம் திரையில் காண்பதே இங்கே புணர்ச்சி. 'என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று பதில் வந்தால் புணர்ச்சி நிகழவில்லை என்று கொள்க.

இத்திணைக்குச் சான்றாக ஒரு வரலாறு இருக்கிறது. 2009வாக்கில், உபுண்டு இயங்குதளம் வைத்திருந்த ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமைகளில் ஓப்பன்ஆபிஸ் அச்சடிக்க மறுக்கிறது என்று மனைவி முறையிட்டார். திங்களன்று அச்சடிக்கும், புதனன்று அச்சடிக்கும், செவ்வாயன்று காகிதம் அசையாது. கணவர் நம்பவில்லை. மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துச் செய்தே காட்டினார். நம் ஊராக இருந்தால் 'செவ்வாயோ வெறுவாயோ' என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்திருப்பார்கள். மென்பொருள் உலகம் ஒரு பெரும் கண்டுபிடிப்பை இழந்திருக்கும்.

காரணம் இதுதான். அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில், அது உருவான கிழமையும் தேதியும் ஆங்கிலச் சுருக்கமாக எழுதப்படும். செவ்வாய்க்கு 'டியூ' (Tue). வழியில் 'ஃபைல்' என்ற சிறு நிரல் சுங்கச்சாவடிபோல் உட்கார்ந்திருந்தது. இது என்ன வகைக் கோப்பு என்று முதற்சில எழுத்துகளைப் பார்த்துச் சொல்வதே அதன் வேலை. அதன் அடையாளப் பட்டியலில் எர்லாங் என்ற நிரல்மொழியின் பழைய கோப்புவகை ஒன்றுக்கு, 1991 ஜனவரி 22 செவ்வாய் இத்தனை மணி என்ற முழுச் சரம் அடையாளமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பட்டியலை எழுதியவர் சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளைக் காப்புக்குறி இட்டுக் கட்டிவைக்கத் தவறிவிட்டார். எனவே நிரல் 'டியூ' என்பதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டது. குறிப்பிட்ட இடத்தில் அந்த மூன்றெழுத்து வந்தால் போதும், அது எர்லாங் கோப்பு. எர்லாங் கோப்பை அச்சுப்பொறிக்கு அனுப்புவதில் பொருளில்லை, எனவே அனுப்பவில்லை.

பழி விழுந்தது சொற்செயலியின் தலையில். குற்றம் எங்கோ ஒரு பட்டியலில். மனுதாரர் சொன்ன காரணம் அபத்தமாகத் தோன்றினாலும் அவர் கண்ட காட்சி உண்மை என்பது இதனால் பெறப்படும். செவ்வாயன்று கண்டதை அந்தப் பெண்மணி செவ்வாய் என்றே சொன்னார். கொஞ்சம் கணினி படித்தவராக இருந்து, 'அவ்வப்போது அச்சு வருவதில்லை' என்று நாகரிகமாக எழுதியிருந்தால் மனு இன்றும் கிடப்பில்தான் கிடக்கும்.

'முன்பு ஓடியது' வகைப் புகார்களுக்குத் தோழியின் பணியைச் செய்வது 'பைபிசெக்ட்' என்ற உத்தி. நன்றாக ஓடிய பழைய பதிப்பை ஒரு முனையிலும் கெட்டுப்போன புதியதை மறுமுனையிலும் நிறுத்தி, நடுவில் உள்ளதைச் சோதிப்பார்கள். கெட்டிருந்தால் முற்பாதிக்குள் தேடு. ஓடினால் பிற்பாதிக்குள் தேடு. இடையில் 1,023 பதிப்புகள் இருந்தாலும் பத்துச் சோதனையில் எந்த மாற்றம் கெடுத்தது என்று தெரிந்துவிடும். யார் கெடுத்தார் என்பதும் தெரிந்துவிடும். அறத்தொடு நிற்றல் என்பது இதுவே.

முல்லைக்கு உரியது இருத்தல். பிழை உண்மைதான் என்று பிறர் உறுதிசெய்துவிட்டார்கள், திருத்தத்தான் ஆளில்லை. ஓராண்டுக்கு மேல் அசையாமல் கிடக்கும் மனுக்களுக்கு லிப்ரேஆபிஸிலிருந்து ஒரு தானியங்கிக் கடிதம் வரும்: இப்போதைய பதிப்பிலும் அந்தப் பிழை இருக்கிறதா, சோதித்துச் சொல்லவும். தலைவன் வருவதாகச் சொல்வதில்லை. தலைவி இன்னும் காத்திருக்கிறாளா என்று மட்டும் விசாரிக்கிறான்.

மருதத்தில் ஊடல். தலைப்புகளை மட்டும் காட்டி உள்ளுரையை மடித்துவைக்கும் வசதி வேர்ட் பயனர்களிடம் 1980களிலேயே இருந்தது. ரைட்டருக்கும் அது வேண்டும் என்ற விண்ணப்பம் 2000களின் தொடக்கத்திலிருந்து நின்றது. 'அதற்குத்தான் தலைப்புகளைப் பட்டியலிடும் நேவிகேட்டர் இருக்கிறதே' என்பது ஒரு தரப்பு. 'நேவிகேட்டர் வேறு, நாங்கள் கேட்பது வேறு' என்பது மறுதரப்பு. லிப்ரேஆபிஸில் மடிப்பு வந்து சேர்ந்தது 2020களில். கேட்டவர்களில் சிலர் அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கலாம்.

பாலைக்கு 2010இன் பிரிவே போதும். நெய்தலின் இரங்கலுக்கு, பிரிவில் பின்தங்கிய ஓப்பன்ஆபிஸ். 2011இல் அது அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014இல் 4.1 வந்தது, அதன்பின் இன்றுவரை புள்ளிக்குப் பின்னே இன்னொரு புள்ளி வைத்துத்தான் எண் ஏறுகிறது. 2016இல் கடையைச் சாத்திவிடலாமா என்ற பேச்சு திட்டத்துக்குள்ளேயே எழுந்தது. சாத்தவில்லை.

இந்த ஐந்திலும் அடங்காத பிழைகளும் உள. நன்னூலார் கணினி கண்டிருந்தால் அவற்றை வழுவமைதி என்றே முடித்திருப்பார். வேர்ட் உள்ளிட்ட ஆபிஸ் கோப்பு அமைப்புகளுக்கான எக்மா தரநிலை 2006இல் ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல் வெளியானது. 'வேர்ட் 95 இடைவெளி விட்டதுபோல் விடு', 'வேர்ட் 6 வரி மடித்ததுபோல் மடி', 'வேர்ட்பெர்ஃபெக்ட் 6 எழுத்துயரத்தைக் குறைத்ததுபோல் குறை' என்ற பொருளில் அமைப்புகள் அதில் உண்டு. பழைய பதிப்பின் கோணலைத் திருத்தினால் பழைய கடிதங்களில் பக்கம் புரண்டுவிடும். ஆகவே கோணலைத் திருத்தாமல் விதியாக்கினார்கள். எத்தனை மனு போட்டாலும் அசையாத பிழை, தரநிலையில் ஏறிய பிழை.

கைக்கிளைக்குத் தலைவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்தே தம் நாவல்களை எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியில் சொன்னார். சிறிய எழுத்தை அடித்தால் அது தானாகப் பெரிய எழுத்தாவது அவருக்குப் பிடிக்காது. வேர்ட்ஸ்டாரின் டாஸ் பதிப்பு 1992இன் 7.0ஓடு நின்றுவிட்டது. குறை இருந்தாலும் சொல்ல ஆளில்லை. அவருக்கும் சொல்லும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. புனைகதையாளர் ராபர்ட் ஜே. சாயர் 2024இல் கையேடுகளோடு முழுச் செயலியையும் தொகுத்து இணையத்தில் வைத்தார், இந்த ஒருதலைக் காமத்தார் பயன்பெறும் பொருட்டு.

பெருந்திணை, அதாவது ஒவ்வாக் காமம், ஆபிஸ் 97இல் நிகழ்ந்தது. கேட்காமலே வந்து, 'கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே' என்று புருவம் உயர்த்திய காகிதக் கவ்வி கிளிப்பியைக் கேட்டு விண்ணப்பித்தவர் எவரும் இவ்வாய்வில் அகப்படவில்லை. அதன் வேலை பறிபோனதைக் கேலி செய்து 2001இல் விளம்பரம் வெளியிட்டது அதைப் பெற்ற மைக்ரோசாஃப்டே. குரல் கொடுத்தவர் நகைச்சுவை நடிகர் கில்பர்ட் காட்ஃபிரீட். முழுவதும் எடுத்தெறிய மட்டும் 2007 பதிப்பு வரை ஆயிற்று.