துருவ ஆயங்களில் கரையேறுவது எப்படி?

கலப்பெண் சார்பு ஒன்று வகையிடத்தக்கது என்று நிறுவச் சொன்னால் எல்லை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் எல்லாத் திசையிலிருந்தும் புள்ளியை நெருங்கிக் காட்டவேண்டும். திசைகளுக்கு முடிவில்லை, விடைத்தாளுக்கு உண்டு.

இசட்டின் ஏழாம் அடுக்கு வந்தால் எக்ஸ், ஒய் வைத்து விரித்து எட்டு உறுப்புகளோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆர், தீட்டாவுக்கு மாறுங்கள். மெய்ப்பகுதி யு, ஆரின் ஏழாம் அடுக்கு பெருக்கல் காஸ் ஏழு தீட்டா. கற்பனைப் பகுதி வியில் காஸுக்குப் பதில் சைன். அடுத்து கோஷி–ரீமான் சமன்பாடுகள். (பாய்மங்களை ஆராய்ந்த டாலம்பேர் 1752இலேயே இவற்றை எழுதிவிட்டார். கோஷி வந்தது 1814இல், ரீமான் 1851இல். பெயர் யாருக்குப் போயிற்று, பாருங்கள்.) ஆரைப் பொறுத்த யுவின் வகைக்கெழுவை ஆரால் பெருக்கினால், தீட்டாவைப் பொறுத்த வியின் வகைக்கெழு வரவேண்டும். யுவையும் வியையும் இடம் மாற்றினால் ஒரு கழித்தல் குறி சேரும். அது எந்தச் சமன்பாட்டில் என்று மறந்துபோனால் இரண்டிலும் மங்கலாகப் போடுங்கள். திருத்துபவர் வேண்டியதைப் படித்துக்கொள்வார்.

பகுதி வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். சமன்பாடு பொருந்தினால் மட்டும் போதாதாம். இசட்டின் நான்காம் அடுக்கின் தலைகீழைக் கழித்தல் குறியோடு ஈயின் அடுக்கில் ஏற்றி, ஆதியில் மதிப்பு பூச்சியம் என்று வையுங்கள். ஆதியில் எக்ஸ், ஒய் சமன்பாடுகள் சமர்த்தாகப் பொருந்தும். 45 பாகைக் கோட்டில் வந்தால் சார்பு முடிவிலிக்குப் பறக்கும். ஒரு புள்ளியின் அடாவடிக்கு ஒரு வரியா என்று விட்டுவிடுங்கள். மதிப்பெண் அந்த வரிக்குத்தான் என்பது வேறு விஷயம்.

மட்டின் வர்க்கத்தைக் கொடுத்தால்தான் தர்மசங்கடம். யு ஆரின் வர்க்கம், வி பூச்சியம். ஆர் பூச்சியமாகாத எங்கும் சமன்பாடு பொருந்தாது. வகையிடத்தக்க ஒரே இடம் ஆதி; அங்கே தீட்டாவே கிடையாது, நம் துருவ வடிவமோ ஆரால் வகுத்துப் பெற்றது. வேறு வழியின்றி எல்லையிடமே போகவேண்டும். ஆர் வர்க்கத்தை இசட்டால் வகுத்தால் மட்டு ஆர். அது பூச்சியத்துக்குப் போகும். எல்லாத் திசைக்கும் சேர்த்து ஒரே வரி.

மடக்கை வந்தால் கொண்டாட்டம். யு ஆரின் மடக்கை, வி வெறும் தீட்டா, இரண்டு வரியில் வேலை முடிந்தது. வகைக்கெழு இசட்டின் தலைகீழ். ஆதியைச் சுற்றி வந்தால் தீட்டா இரண்டு பை கூடிவிடுமே, தளத்தை எங்கே வெட்டினாய் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், மெய் அச்சின் எதிர்ப்பக்கம் என்று சொல்லிவிட்டு உடனே தண்ணீர் கேளுங்கள்.