சுண்ணாம்பு தடவாத கலயம்

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறுகிற குடும்பம் எங்களுடையது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு விடிவதற்குள் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் பதநீர் இறக்குகிறவர் தன் பாட்டுக்குப் போகலாம். கள் இறக்குகிறவர் மேல் வழக்கு.

என் சிறுவயதில் அப்படி இல்லை. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியது, கள்ளுக்கடைகள் திறந்தன. பெரியப்பா இறக்கிய கள் கடைக்குப் போனது, காசு வீட்டுக்கு வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அந்தப் பருவத்தில் பாளை விட்டபோதும் பெரியப்பா அதே பனைகளில்தான் ஏறினார். சட்டத்தின் கணக்கில் இப்போது அவர் குற்றவாளி.

ஒரு பங்குனி விடியலில் போலீஸ் வந்தது. ஏட்டு ஒரு கலயத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரலில் சுண்ணாம்பு ஒட்டவில்லை. விசாரணை அவ்வளவுதான். மற்றக் கலயங்களைப் போட்டு உடைத்தார்கள்.

"இவுக மேல யாருய்யா புகார் குடுத்தது?" என்று பெரியம்மா கேட்டாள்.

"புகார் எதுக்கும்மா? இது மதுவிலக்குக் கேஸு."

பெரியப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். வக்கீலுக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றங்கள் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் ஷூர் 1965-ல் ஒரு புத்தகமே எழுதினார். கொடுப்பவரும் வாங்குபவரும் மனமொப்பிச் செய்யும் காரியத்தில் புகார் சொல்ல ஆள் இருக்காது, தடை கள்ளச்சந்தையைத்தான் வளர்க்கும் என்பது அவர் வாதம். பெரியம்மா அன்று கேட்டதும் இதைத்தான்.

கள்ளால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்பன் குடித்துத் தீர்த்த கூலிக்குப் பட்டினி கிடந்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நான். போதை ஏறக் குளோரல் ஹைட்ரேட் கலந்து விற்றவர்களும் உண்டு. ஆனால் கலப்படத்துக்கு மருந்து சோதனைதானே? கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன, கலால் துறை சோதிக்கிறது, கள் தொழிலாளர்களுக்கு நல நிதி வாரியமே இருக்கிறது. வாளையார் எல்லையைத் தாண்டினால் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

2003-ல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே எடுத்துக்கொண்டது. பெரியப்பாவின் மூத்த மகன் பட்டம் படித்தவன். தொகுப்பூதியத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தான். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். மகன் எடுத்துக் கொடுக்கும் குவார்ட்டர் பிராந்தியில் 42.8. தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனது 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். மகன் வேலை பார்க்கும் கடைக்கான விதிகளும் அதே சட்டத்தின் கீழ் போட்டவைதான். 2023-24-ல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பனையேறியிடமிருந்து அப்படி என்ன வரப்போகிறது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன்பிறகு அதே மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை சேர்த்தார்கள். அது நியாயம், அங்கே வீதி முழுக்கப் பிணங்கள். கலயத்தோடு இறங்கி வருகிற பனையேறியையும் அந்த விஷ வியாபாரியையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கிருக்கும் மதுக்கடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். மகன் பார்க்கிற வேலை அது என்று தெரிந்தும் பெரியம்மா முதல் கைநாட்டு வைத்தாள். எந்த வீட்டில் என்ன போனது என்று மனுவில் வரிசையாக எழுதியிருந்தது: தாலிக்கொடி, இரண்டு ஆடு, மகளின் காலேஜ் பீஸ், ஒரு புருஷன். கடை பகல் 12 மணிக்கு விதிப்படிதான் திறக்கிறது, நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது.