டிக்கிக்குள்ளிருந்து ஒரு குரல்

2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். பழசாகப் பழசாகக் காரின் விலை இறங்கும் என்ற இயற்கை விதி இடையில் கொழும்பில் தலைகீழாக ஓடியது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து வருவதற்கு முந்திய காலத்து என் ஜப்பான் காரும் அப்படித்தான் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் சொத்தாக மாறியது. ஒரேயொரு குறை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து நிறுத்தினால், செவ்வாய்க்கிழமை சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். பற்றரியோ புத்தம் புதிது.

வெள்ளவத்தையில் பொனற்றைத் திறப்பது பொதுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி. ஓய்வுபெற்ற எஞ்சினியர்களும் எக்கவுண்டன்களும் ஃபிளாட்டுக்கு நாலு பேர் இருக்கிற இடம். முதலில் இறங்கி வந்தவர் மூன்றாம் மாடி ஐயா.

"தம்பி, உது பற்றரி இல்லை. ஓல்டனேற்றர். உள்ளுக்கு ஒரு டயோட் போனால் இரவிரவாக் கரண்டைக் குடிக்கும்."

நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் எஞ்சின் ஓடும்போது மீற்றர் 14.2 வோல்ற் காட்டியது; நிறுத்தி ஆறவிட்டால் 12.6. சார்ஜ் பண்ணுகிற விஷயத்தில் அதற்கு மேல் எந்த ஓல்டனேற்றரிடமும் நற்சான்றிதழ் கேட்க முடியாது. ஐயா மீற்றர் பிழை என்றார்.

எதிர்வீட்டு அன்ரி கண்ணூறு என்றார். மயூராபதி அம்மன் கோயிலில் ஒரு அருச்சனை செய்தால் சரிவரும், ஆனால் காரைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டுமாம். அதற்குக் கார் ஸ்டார்ட் ஆக வேண்டுமே!

ரொறன்ரோவிலிருந்து மச்சான் வட்சப்பில் வந்தார். இரவில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள்ளே வைக்கச் சொன்னார். அங்கே குளிர் செய்கிற வேலையை இங்கே வெக்கை செய்கிறது. சூடு கூடக் கூட உள்ளே ஈயத் தகடுகள் அரிபடுகிற வேகமும் கூடும். எனவே வைப்பதென்றால் ஏசி அறையில்தான் வைக்க வேண்டும். அந்த அறை மாமியாருடையது.

கடற்காற்றின் மீதும் பழி விழுந்தது. மரைன் டிரைவுக்கு இவ்வளவு கிட்ட நிற்கிற காரின் ரெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது உண்மைதான். அப்பச்சோடா கரைத்து ஊற்றினோம். நுரை பொங்கியது, எல்லோரும் ரசித்தோம். அடுத்த செவ்வாயும் 'டிக்'.

கடைசியில் நாலைந்து பேர், அபிப்பிராயம் சொல்வதை நிறுத்தாமலே தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். எஞ்சினை அணைக்காமல் கொட்டாஞ்சேனை வரை ஓட்டிப் போனேன். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஓர் எலக்ட்ரிக் பாஸ் இருக்கிறார்.

அவர் எதுவும் கேட்கவில்லை. நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றரிக்கும் நடுவே மீற்றரைப் பூட்டினார். கதவு பூட்டை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருக்கிறது என்று காரை நம்ப வைத்தார். "கொஞ்சம் விடுங்க சார், தூங்கட்டும்" என்று பிளேன்டீ வரவழைத்தார். தூங்குகிற கார் 0.45 அம்பியர் குடித்துக்கொண்டிருந்தது.

"இந்த வயசு காரு 50 மில்லி அம்பியருக்கு மேல குடிக்கக் கூடாது சார். இது ஒம்பது மடங்கு. உங்க பற்றரி 45 அம்பியர் ஹவர். நூறு மணித்தியாலத்துல காலி."

வெள்ளியிலிருந்து செவ்வாய். கணக்கு சரி.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹோர்ன், வைப்பர், பின்லைட் எதற்கும் மீற்றர் அசையவில்லை. உள்லைட் பியூஸைப் பிடுங்கியதும் முள் விழுந்தது போல இறங்கியது. அந்த வழியில் இருப்பவை மணிக்கூடு, ரேடியோ, டிக்கி லைட். எல்லோருடைய கண்ணும் ரேடியோ மேல். அந்தக் காலத்து ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய நிலையங்கள் இருப்பது 88 முதல் 108 வரை. சூரியனும் சக்தியும் கேட்க யாரோ ஒரு சின்னப் பெட்டியை இடையில் செருகியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் அது நிரபராதி.

மிச்சம் டிக்கி. மூடிய பிறகு உள்ளே லைட் அணைகிறதா என்று பார்க்க, நீங்களும் நானும் ஃபோனை வீடியோவில் போட்டு உள்ளே வைப்போம். பாஸ் தன் உதவிப் பொடியனை வைத்தார். இருபது வயதுப் பையன் சிரித்துக்கொண்டே ஏறிச் சுருண்டான். டிக்கி மூடப்பட்டது.

"பாஸ்! எரியுது பாஸ்! எரியுது!"

செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து சனம் திரும்புகிற நேரம். மூடிய வாகனத்துக்குள்ளிருந்து தமிழ்க் குரல் வந்தால் இந்த நகரத்தில் யாரும் முதலில் சிரிக்கமாட்டார்கள். செபமாலையோடு போன ஓர் அம்மா நின்றார். "யாரையோ உள்ள போட்டிருக்காங்க!" என்று அவர் வைத்த சத்தத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பாஸ் பதறித் திறக்க, பொடியன் பல்லைக் காட்டிக்கொண்டு எழும்பினான். அம்மா அவனைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

"சுவிச்சு தேஞ்சிருக்கு சார்," என்றார் பாஸ். "சண்டைக் காலத்துல செக்பொயின்ட்டுக்கு செக்பொயின்ட் திறந்து காட்டினதுதானே?"

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போவதற்குள் டிக்கியை எத்தனை தரம் திறந்து காட்டியிருப்போம்! சோதித்தவர்கள் தேடியது கிடைக்கவில்லை. சுவிச்சின் ஸ்பிரிங் மட்டும் போயிருக்கிறது. 5 வாற் பல்பைக் கழற்றிக் கையில் தந்தார். மீற்றர் 0.03க்கு இறங்கியது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"விக்கிறீங்களா சார்?"

விலை கேட்டேன். ஆசைப்படக்கூடிய தொகைதான் சொன்னார். பிறகு டிக்கியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இங்க லைட்டு எரியலையே. ஒரு அஞ்சாயிரம் குறைச்சுக்குவோம்."