அயர்லாந்து மீது ஒரு பிராது

அயர்லாந்துக்கும் விருத்தாசலத்துக்கும் எந்தக் காலத்திலும் வாய்க்கால் வரப்புத் தகராறு இருந்ததில்லை. அவர்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள், நாங்கள் முந்திரி போட்டோம். அவரவர் பாட்டுக்கு இருந்தோம். அப்படியிருந்தும் 2021 ஜூலை 31, சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை முழுக்க ஆட்கள் நின்று, அயர்லாந்து தோற்றுத் தொலைய வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கியால் வந்த வினை. முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்ற நம் பெண்கள், வெள்ளிக்கிழமை அயர்லாந்தை 1-0 என்று மடக்கினார்கள். கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிற மாதிரி, நவ்நீத் கவுர் அந்த ஒரே கோலை 57-ஆவது நிமிடத்தில்தான் போட்டார். சனி காலையில் தென்னாப்பிரிக்காவை 4-3. அதில் மூன்று கோல் வந்தனா கட்டாரியா அடித்தது. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண். அத்தோடு நம் கையில் இருந்தது தீர்ந்தது. சாயங்காலம் பிரிட்டனோடு மோதும் அயர்லாந்து ஜெயித்தால் நாம் மூட்டை கட்ட வேண்டும். ஜெயிக்காவிட்டால் நமக்குக் காலிறுதி.

யோசித்துப் பாருங்கள். சுதந்திர தினத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில், பிரிட்டன் ஜெயிக்க வேண்டும் என்று நாங்கள் கும்பிட வேண்டியிருந்தது. அதுவும் யாருக்கு எதிராக? நமக்கு முன்னாலேயே அவர்களோடு மல்லுக்கட்டி வெளியே வந்த அயர்லாந்துக்கு எதிராக! 1919-இல் மதனப்பள்ளியில் ஜன கண மனவுக்கு இசைக்குறிப்பு எழுதித் தந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் பிறந்த நாடு. இதைச் சொன்னபோது கொட்டகையில் ஒரு நிமிடம் அமைதி நிலவியது. பிறகு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்களிடம் வேலை பழகும் தம்பி, “அந்தம்மாவுக்குத் தனியா ஒரு கும்பிடு போட்டுடலாம் சார், மேட்ச் வேற” என்று தீர்த்துவைத்தான்.

“அயர்லாந்து பிரிட்டன்லதானே இருக்கு?” என்றும் கேட்டான். வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது, ஆனால் ஹாக்கிக்குத் தீவு முழுவதும் ஒரே அணி, வடக்கே பிறந்த கோல்ஃப்காரர் ரோரி மெக்கல்ராய் ஒலிம்பிக்கில் ஆடுவது அயர்லாந்துக்கு என்று விளக்கினேன். “நம்ம கடலூர்க்காரன் புதுச்சேரிக்கு ஆடுற மாதிரி” என்றான். இதற்கு மேல் தெளிவாக என்னாலும் சொல்ல முடியாது.

எங்களுக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூரில் முருகன் கொளஞ்சியப்பராக இருக்கிறார். குறை உள்ளவர்கள் வெள்ளைத்தாளில் பிராது எழுதிக் கட்டினால் முருகன் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார் என்பது நம்பிக்கை. தூரத்துக்குத் தக்கபடி, கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் உண்டு. காரியம் முடிந்ததும் பிராதை முறையாக வாபஸ் வாங்க வேண்டும். அயர்லாந்து மேல் ஒன்று கட்டலாமா என்று தம்பி இழுத்தான். டப்ளின் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றதும் பேச்சை மாற்றிவிட்டான்.

சூளையில் அன்று பியூஸ் கேரியர் வெந்துகொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு டிகிரியை நெருங்குகையில் சூளை பார்ப்பவர் அசையக் கூடாது. உள்ளே வரிசையாக நிறுத்திய சின்னச் சின்ன கோன்கள் இளகித் தலை சாயும். எது சாய்ந்தது என்று ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் தீயை நிறுத்துவார்கள். எங்கள் பெரியவர் ஒரு கண்ணை அந்த ஓட்டையிலும், ஒரு காதை என் செல்போனிலும் வைத்திருந்தார். திடீரென்று தம்பி, “விழுந்துடுச்சு!” என்று கத்தினான். பெரியவர் பதறி எழுந்து பர்னரை நோக்கி ஓடினார். விழுந்தது கோன் இல்லை, பிரிட்டன் போட்ட கோல். அவர் திரும்பி வந்து சொன்னதை இங்கே அச்சிட முடியாது. பிரிட்டன் 2-0 என்று ஜெயித்தது. பிரிட்டன் வாழ்க என்று எங்கள் தொழிற்பேட்டையில் கோஷம் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆண்கள் ஹாக்கி அணி அதே பிரிட்டனை 3-1 என்று சாய்த்தது. பிரிட்டன் ஒழிக. பாட்மிண்டனில் சிந்துவுக்கு வெண்கலம். எல்லாம் சுபம் என்று அயர்லாந்துச் செய்திகளைப் புரட்டினால் வயிற்றைக் கலக்கியது. குத்துச்சண்டையில் எய்டன் வால்ஷ், வெள்ளிக்கிழமை ஜெயித்த சந்தோஷத்தில் துள்ளிக் குதித்துக் கணுக்காலைக் கெடுத்துக்கொண்டார். ஞாயிறன்று அரையிறுதிக்கு வர முடியாமல் வெண்கலத்தோடு நின்றார். எதிராளி குத்தியதில் இல்லை, குதித்ததில்! ஜிம்னாஸ்டிக்ஸ் இறுதியில் ரீஸ் மெக்லெனகன் விழுந்தார். மெக்கல்ராய் வெண்கலத்துக்காக ஏழு பேர் மோதிய பிளேஆஃபில் சிக்கி வெறுங்கையோடு போனார். கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் தேசிய சாதனையோடு இறுதிக்குப் போனவர்கள், சனிக்கிழமை எட்டாவதாகத்தான் வந்தார்கள். (அதே தொடர் ஓட்டத்தில் நம் ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் என்று மூன்று தமிழர்கள் ஓடிய அணி தகுதிச்சுற்றைத் தாண்டவில்லை. அதற்கு யார் வேண்டிக்கொண்டார்களோ.)

ஹாக்கிக்கு மட்டும் கேட்டால் மொத்த நாட்டுக்கும் விழுந்திருக்கிறதே? “யாருடா பிராது கட்டினது?” என்று பெரியவர் ஒவ்வொருவராக முறைத்தார். எவனும் வாயைத் திறக்கவில்லை. தம்பி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, மணவாளநல்லூர்ப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் 8, குத்துச்சண்டையில் கெல்லி ஹாரிங்டன் அயர்லாந்துக்குத் தங்கம் வாங்கினார். எங்கள் கொட்டகையில் விசில் பறந்தது. டப்ளினில் ஒரு மனநல மருத்துவமனையில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் அவர் என்று நான் படித்துக் காட்டினேன்.

பெரியவர், “தங்கம் வாங்கின பிறகு வேலைய விட்டுடுமா அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

“திரும்பிப் போகப் போறாங்களாம்.”

அவர் தம்பி பக்கம் திரும்பினார். “கேட்டுக்க. நீ நாளைக்கு லீவுன்னியே, எதுக்கு?”