அடுத்த பேட்ச்சில் சரியாகிவிடும்

என் மச்சினனுடைய சித்தப்பா பையனுக்கு 2020-இல் நடக்கவிருந்த கல்யாணம் மூன்று முறை தள்ளிப்போனது. இத்தனைக்கும் மச்சினனுக்குச் சித்தப்பாவே கிடையாது.

நடந்தது இதுதான். போலந்து நாட்டு வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ற கம்பெனி, சைபர்பங்க் 2077 என்றொரு வீடியோ கேம் வரப்போகிறது என்று 2012-இல் சொன்னது. ஏழு வருடம் கழித்து 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் மேடையில் ‘மேட்ரிக்ஸ்’ கியானு ரீவ்ஸையே கொண்டுவந்து நிறுத்தி, ரிலீஸ் 2020 ஏப்ரல் 16 என்று அறிவித்தது. அதே வாரம் மச்சினன் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டான், பத்து மாதம் முன்கூட்டியே. காரணம்: சித்தப்பா பையன் கல்யாணம்.

ஜனவரியில் கம்பெனி தேதியைச் செப்டம்பர் 17-க்கு மாற்றியது. கல்யாணமும் மாறியது. அவனுடைய மேனேஜர் கும்பகோணத்துக்காரர். காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, புரட்டாசி ஒண்ணாம் தேதி, அதுவும் மகாளய அமாவாசையிலயா முகூர்த்தம் வெச்சிருக்காங்க?” என்று கேட்டிருக்கிறார். “சுயமரியாதைக் கல்யாணம் சார்” என்று சொல்லித் தப்பித்தான்.

ஜூனில் நவம்பர் 19 என்றார்கள். அப்போது ஊரடங்கு. நாட்டில் எல்லார் வீட்டுக் கல்யாணமும் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததால் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. அக்டோபர் முதல் வாரம் ஆட்டம் ‘கோல்டு’ ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. வேலை முடிந்தது, இனி தட்டு அச்சடிக்கலாம் என்பதற்கு அந்தத் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து தாம்பூலம் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 27 அன்று, கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சளாக ஓர் அறிவிப்பு: டிசம்பர் 10. இந்த முறை மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, “பொண்ணுக்கு இஷ்டமில்லையோ என்னவோ, நல்லா விசாரிச்சுக்கப்பா” என்றாராம்.

இவன் ஒருவன்தான் இப்படி என்று நினைத்து நான் பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆட்டத்தை வெளிவரும் முன்பே காசு கட்டி வாங்கியவர்கள் உலகம் முழுக்க 80 லட்சம் பேர். இது ஒரு ஜாதி. முன்பதிவு ஜாதி. கலப்புத் திருமணம் செய்துகொண்டு வெளியே வந்தவர்கள்கூட ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டவுன்லோட் போட எழுந்துவிடுகிறார்கள்.

மச்சினனுக்கு முப்பத்தாறு வயது. சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவனுக்குச் சோறு போடுகிறது. ஒரு பட்டன் இரண்டு பிக்சல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் மொத்த பில்டையும் திருப்பி அனுப்பிவிடுவான். அவன் தலை தெரிந்தால் டெவலப்பர் பையன்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்று கேள்வி. பகலில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற இந்தக் காரியத்தை, ராத்திரியில் கைக்காசு ஐயாயிரம் ரூபாய் கொடுத்துச் செய்கிறான். இதை அவனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அது ஆபீஸ் மாமா, இது பேஷன்” என்றான்.

ஒரு டிரைலர் இரண்டு நிமிடம் ஓடும். அதை அவன் ஒன்றேகால் மணி நேரம் பார்ப்பான். நிறுத்துவான், பெரிதாக்குவான், பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஒரு கடைப் பலகையைத் தொட்டுக் காட்டி, “இந்தக் கடைக்குள்ள போகலாம் மாமா” என்பான்.

“போய் என்னடா வாங்குவே?”

“அது தெரியல. ஆனா போகலாம்.”

தெருமுனை அண்ணாச்சி கடைக்குள் அவன் போய் எத்தனை வருடமாயிற்று என்று என் மாமியாரைக் கேட்டால் சொல்வார். இப்படி டிரைலர் டிரைலராகப் பார்த்து அவன் மண்டைக்குள் ஓர் ஆட்டம் உருவாகிவிடும். அதில் எல்லாக் கதவும் திறக்கும். ஆள் ஆளுக்கு ஒரு கதை இருக்கும். ஒரு பிழை இருக்காது. வார்சாவில் பல நூறு பேர் வருடக்கணக்கில் ராப்பகலாக உட்கார்ந்தும் முடிக்க முடியாததை, இவன் மடிப்பாக்கத்தில் மல்லாந்து படுத்தபடி முடித்திருப்பான். வெளிவருகிற எந்த ஆட்டமும் முதலில் தோற்பது இந்த ஆட்டத்திடம்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் படுக்கைக் கனவுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விற்றது யார் என்று பார்த்தால், பழி முழுவதையும் இவன் தலையில் போடவும் மனசு வரவில்லை.

டிசம்பர் 10 வந்தது. நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடம் ஆட்டம் ஒருவழியாக ஓடியது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் தவழ்ந்தது. காரின் கூரையைப் பொத்துக்கொண்டு மரம் முளைத்தது. நாயகன் கால்சட்டை இல்லாமல் ஓடும் மோட்டார் சைக்கிள்மேல் எழுந்து நின்றான். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும்தான் என்பது அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அந்த ஆட்டத்தையே எடுத்துவிட்டது. மறுபடி அலமாரியில் வைக்க அடுத்த ஜூன் ஆயிற்று. கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி ஜனவரியிலேயே காமிரா முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். இவ்வளவுக்கும் நடுவில், திருப்பிக் கொடுத்தவர்களைக் கழித்தபிறகும், டிசம்பர் 20-க்குள் விற்றது 1 கோடியே 30 லட்சம் பிரதி. இதைப் பார்த்த முதலாளிகள் மன்னிப்பு கேட்கக் கற்றுக்கொண்டிருப்பார்களா, வேறு எதையாவது கற்றுக்கொண்டிருப்பார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் நேரில் பார்த்த ரிலீஸ் ராத்திரி ஒன்று உண்டு. அது வேறு ஆட்டம், மார்ச் மாதக் கடைசியில் வந்தது. கணக்கு முடிக்கிற அவசரத்தில் மார்ச்சில் வருகிற ஆட்டங்களுக்கு ஒரு முகக்களை உண்டு. முன்பக்கம் மட்டும் சாயம் போட்டு விசர்ஜனத்துக்குப் போகும் பிள்ளையார் மாதிரி. பெயரைச் சொல்ல மாட்டேன். மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறான்: “பேர் போட்டுடாதீங்க மாமா, அடுத்த பேட்ச்ல சரியாயிடும்.”

மாமியார் அடை வார்த்துக்கொண்டிருந்தார். முதல் அடை வேகும்போது டவுன்லோட் நாற்பது சதவீதம். கடைசி அடையில் முடிந்தது. பிரித்தால் உள்ளே இன்னொரு டவுன்லோட்: முதல் நாள் பேட்ச். ஆட்டம் வெளிவந்த அன்றைக்கே அதைப் பழுதுபார்க்க ஒரு பொட்டலம் கூடவே வருகிறது. பிரசவத்துக்கு முன்னாலேயே எலும்பு டாக்டரைப் பார்த்து வைப்பது போல என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஒருவழியாகத் திறந்தது. முதலில் நாயகன் முகத்தை நாமே செதுக்க வேண்டுமாம். புருவம், தாடை, காது மடல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஓர் இழுப்பான். மூக்குக்கு மட்டும் பதினொன்று. மச்சினன் அந்த மூக்கோடு ஒரு மணி ஐம்பது நிமிடம் போராடினான். இதில் ஓர் உள்விவகாரம் இருக்கிறது. ஸ்டீம் என்கிற கடையில் வாங்கிய ஆட்டம் பிடிக்கவில்லை என்றால், பதினாலு நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள். தாராளமான ஏற்பாடுதான். இவனுடைய இரண்டு மணி மூக்கிலேயே போயிற்று. மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் நாயகனுக்கு இரும்புக் கவசத் தொப்பி மாட்டிவிட்டார்கள். அப்புறம் கடைசிவரை அந்த மூக்கை யாரும் பார்க்கவில்லை.

முன்பதிவு செய்ததற்குப் பரிசாகக் குதிரைக்கு நீலநிறச் சேணம் கொடுத்திருந்தார்கள். சேணம் வந்தது. குதிரை வரவில்லை. நாயகன் அந்தரத்தில் சேணத்தின்மேல் உட்கார்ந்து டொக் டொக்கென்று காட்டுக்குள் போனான். குளம்புச் சத்தத்தை மட்டும் குறை சொல்லவே முடியாது. கிராமத்துக்குள் நுழைந்தால் அங்கே ஊர்ஜனம் மொத்தமும் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி விறைத்து நின்றது. மாமியார் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, இவங்களுக்கெல்லாம் சட்டைக்கு அளவு எடுக்கறாங்களா?”

“இல்லம்மா, டி-போஸ். பொம்மையை முதன்முதல்ல செய்யும்போது கையை இப்படித்தான் வெச்சிருப்பாங்க. நடக்கறது, உட்கார்றதெல்லாம் அப்புறம் ஏத்தற அசைவு. அது லோட் ஆகலேன்னா இப்படி நின்னுடும்.”

“அப்ப இன்னும் நடக்கவே சொல்லித் தரல.”

மச்சினன் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “செவ்-த்ரீதான் மாமா, கேம்ப்ளே பாதிக்காது” என்றான். செவ் என்றால் சிவியாரிட்டி, பிழையின் தீவிரம்; எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். ஆபீஸில் இரண்டு பிக்சல் பட்டனுக்கு இவன் கொடுப்பது செவ்-டூ.

இந்தக் குடும்பத்தில் அவனை முழுசாகப் புரிந்துகொண்டவர் என் மாமனார் ஒருவர்தான். அவரும் ஒரு முன்பதிவுக்காரர், ஃப்ளாட் விஷயத்தில். பளபளவென்று ஒரு புத்தகத்தில் நீச்சல் குளத்தையும் அதன் கரையில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றையும் காட்டி அவரிடம் அட்வான்ஸ் வாங்கினார்கள். சாவி கொடுத்த அன்று லிஃப்ட் இல்லை. லிஃப்டுக்கான குழி இருந்தது. குழி இருக்கும்போது லிஃப்ட் வராமலா போய்விடும் என்றார்களாம். பதினாலு மாதம் மூன்று மாடி ஏறி இறங்கினார். இந்த ரிலீஸ் ராத்திரி அவர் பேசாமல் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தரத்தில் போகும் சேணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “குதிரை எப்ப தரேன்னு எழுத்துல வாங்கிக்கோ” என்றார்.

அவன் வாங்கவில்லை, கொடுத்தான். இரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கம்பெனிக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தான். திட்டி எழுதுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிழையை மறுபடி வரவழைக்கும் வழிமுறை, ஏழு படி. எதிர்பார்த்த விளைவு: குதிரை தெரிய வேண்டும். கிடைத்த விளைவு: சேணம் மட்டும் தெரிகிறது. இணைப்பு: வீடியோ, இரண்டு கோணங்களில். ஆபீஸில் அவன் எழுதுவதைவிட நேர்த்தியாக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இவன் திருந்தாததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது: சில ஆட்டங்கள் திருந்திவிடுகின்றன. 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தது. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. அதில் மொத்தக் கிரகங்கள் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கும் மேல். வந்த முதல் நாளே இரண்டு பேர் தேடிப் பிடித்து ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. நம் அபார்ட்மென்ட் வழக்கம்தானே என்று நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உலகம் கொதித்தது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2018-இல் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ள முடிந்தது. காசு கேட்காமல் வருடா வருடம் ஏதாவது சேர்த்துக்கொண்டே போகிறார்கள். சைபர்பங்கும் 2023 செப்டம்பரில் 2.0 என்று வந்தபோது, திட்டியவர்களே பாராட்டினார்கள். “பாத்தீங்களா?” என்று மச்சினன் எனக்குப் போன் போட்டுச் சொன்னான், ஏதோ அவன் நேர்ந்துகொண்டதால் ஆன மாதிரி.

“2023-ல வாங்கினவன் பாதி விலைக்கு முழு ஆட்டம் வாங்கினான். நீ முழு விலைக்குப் பாதி ஆட்டம் வாங்கினே. எது லாபம்?”

“எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தா பக்கை யாரு மாமா சொல்றது?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பரணில் அவனுடைய பழைய டிவி கேம் இன்னும் இருக்கிறது. பர்மா பஜாரில் மாமனார் வாங்கியது. கேசட்டின்மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான், பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். ஆனால் அந்தப் பத்தும் முழு ஆட்டம். கடையை விட்டு வெளியே வந்த கேசட்டை அப்புறம் யாரும் திருத்த முடியாது என்பதால் முடித்துத்தான் அனுப்பியாக வேண்டும். ஓடவில்லை என்றால் கேசட்டை உருவி, ஒரு ஊது ஊதி, மறுபடி செருகுவான். பேட்ச் அவ்வளவுதான்.

இப்போது ஜிடிஏ 6. 2023 டிசம்பரில் முதல் டிரைலர். 2025-இல் வரும் என்றார்கள். அப்புறம் 2026 மே 26 என்றார்கள். இப்போதைக்குச் சொல்லியிருக்கும் தேதி 2026 நவம்பர் 19. மச்சினன் போனில் தேதியைச் சொன்னதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

“டேய், உன் சித்தப்பா பையனோட மூணாவது முகூர்த்தம் இதே நவம்பர் பத்தொன்பதுதானே?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது 2020 மாமா” என்றான்.

“மேனேஜர் அதே ஆளா?”

“அதே ஆள்தான். லீவு சொல்லிட்டேன். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஒருவழியா நடந்துச்சாப்பான்னு ரொம்ப அக்கறையா விசாரிச்சார். நடந்துச்சு சார், குழந்தையும் பொறந்தாச்சுன்னேன்.”

“இந்தத் தடவை என்ன விசேஷம்?”

“காதுகுத்து மாமா.”